பாப்பாவை அவர் மறக்கவில்லை

புசல்லாவை வீதியில் நடந்த வேன் விபத்தில் என் கணவருக்குத் தலையில் பலத்த அடி. உயிர் பிழைத்தார். ஆனால், புதிதாக எதுவும் அவர் மனதில் தங்குவதில்லை. அதே விபத்தில் எங்கள் ஏழு வயது மகள் இறந்துபோனாள். அதுவும் அவருக்குத் தெரியாது.

மூளைக்குள் சிறு கருவி பொருத்தி ஞாபகத்தை மீட்கலாம் என்று போனில் ஒரு செய்தி பார்த்தேன். அவரைக் கூட்டிக்கொண்டு கண்டிக்கு ஓடினேன்.

"அது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கும்மா. இங்க செய்ய ஏலாது," என்றார் டாக்டர்.

"வெளிநாட்டுலயாச்சும் செய்வாங்களா சேர்?" என்று கெஞ்சினேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்த கணவர் என் கையைப் பிடித்தார். "பாப்பா எங்க? ஸ்கூல் விடுற நேரமாச்சே."

முன்பு ஒருமுறை அவரிடம் உண்மையைச் சொன்னேன். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் காலையில் எழுந்து, மகளுடைய பள்ளிக்கூடச் சப்பாத்தைத் துடைத்து வைத்தார்.

"சித்தி வீட்டுல விளையாடுறா," என்றேன்.

"அப்ப போறப்ப பேக்கரியில பணிஸ் வாங்கிட்டுப் போவோம்," என்று சிரித்தார்.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். நான் கதிரையை விட்டு எழுந்தேன். கணவர் குணமாகட்டும் என்றுதான் ஓடி வந்ததாக அதுவரை நினைத்திருந்தேன். மகளுக்காக என்னோடு சேர்ந்து அழ அவரும் வேண்டும் என்று ஏங்கியதை அப்போதுதான் உணர்ந்தேன். அந்த ஏக்கம் இன்னும் போகவில்லை.