மைக் செட்டில் படித்த சுருக்கெழுத்து

"பொம்பளப் பிள்ளைக்கு டைப் போதும்மா. சுருக்கெழுத்தெல்லாம் ஏறாது" என்று திண்டுக்கல் டைப்பிங் இன்ஸ்டிடியூட் வாத்தியார் என்னைத் திருப்பி அனுப்பினார். ஆத்திரத்தில் பழைய புத்தகம் வாங்கி, குறிகளைத் தனியாகவே கற்றேன். ஆனால் வேகம் வர, யாராவது பேசப் பேச எழுத வேண்டுமே! எங்கள் தெருமுனைத் தேர்தல் கூட்டங்களின் ஒலிபெருக்கிதான் கைகொடுத்தது. முதல் நாள் எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை. விடவில்லை; கூட்டம் தவறாமல் எழுதினேன்.

ஒருநாள் ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்டு மேடையேறியவர் அதே வாத்தியார். மறுநாள் இன்ஸ்டிடியூட்டில் அவர் எதிரில் நின்று, நான் சுருக்கெழுத்தில் எடுத்திருந்த அவர் பேச்சை வரி பிசகாமல் வாசித்தேன்: "பெண்கள் படிக்காமல் நாடு முன்னேறாது!"

அவர் முகம் கறுத்தது. "இம்புட்டையும் எங்கம்மா படிச்ச?"

"உங்க மைக்குலதான் சார்."

"சரி, நாளைக்கு வந்து சேரு."

"வேணாம் சார். அடுத்த கூட்டம் என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அன்று முதல் யார் எனக்குக் கதவைச் சாத்தினாலும், அவர் மேடையில் பேசுவதைக் குறித்துக்கொள்கிறேன்.