செலீனாக்கா பூட்டிய கணினி

தலைமன்னார் இறங்குதுறைக்குப் போகும் தெருவில் ‘செலீனா தட்டச்சு நிலையம்’ என்ற பலகை மூன்று மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு திரை, ஒரு பிரின்டர். கணினி மட்டும் இல்லை. திரையும் பிரின்டரும், போருக்குப் பிறகு வந்து வேலை முடித்துப் போன நிவாரண நிறுவனக் கந்தோர் ஒன்று ஏலத்தில் விட்டவை.

ஆறு வருடம் நாடு நாடாக அலைந்துவிட்டு நான் ஊர் திரும்பியிருந்த நேரம். ஓரிடத்தில் நில்லாத கால்கள் என்னைத் தினமும் அந்தக் கடைக்கே கொண்டுபோய் விட்டன.

செலீனாக்கா பதினேழு வயதில் படகேறி இந்தியாவுக்கு, மண்டபம் அகதி முகாமுக்குப் போனவர். அங்கே ஓர் அச்சகத்தில் கலியாண அழைப்பிதழ்கள் அடித்தார். முதலாளி கணினியின் மூடியைக் கழற்றித் தூசி தட்டும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, எது எதில் மாட்டுகிறது என்று பார்த்துவைத்தார். ஊருக்குத் திரும்பி நாலு வருடமாகிறது. கணவர் எட்வேட் கடலுக்குப் போகிறார்.

அந்த வருடம் தேவாலயத் திருவிழாவுக்கான பாட்டுக் கைநூலை ஊரிலேயே அடிக்கலாமா என்று பங்குச்சுவாமி கேட்டிருந்தார். “வியாழன் மத்தியானத்துக்குள்ளை ஒரு மாதிரிப் பிரதி காட்டுங்கோ. இல்லாட்டி மன்னாருக்கு அனுப்பிப்போடுவன்.”

கடைக்கு வந்த முதல் வேலை அது. கிடைத்தால் கடை, போனால் வெறும் பலகை.

செலீனாக்காவும் நானும் மன்னார் பட்டினத்தில் ஒரு கடைக்குப் போனோம். பளபளவென்று ஒரு கணினி இருந்தது.

“திறந்து காட்டுங்கோ தம்பி.”

“திறந்தால் வொறன்டி போயிடும் அன்ரி. திரையோடை செற்றாத்தான் குடுக்கிறது.”

“திரை என்னட்டை இருக்கு.”

“அப்ப அதை வித்துப்போட்டு வாங்கோ.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் எட்வேட் அண்ணை சிரித்தார். “படகை ஒரு இடத்திலையும் எஞ்சினை வேறை இடத்திலையும்தானே வாங்கினனாங்கள்? ஆர் செற்றா வாங்கினது? சாமான்களை வாங்கி நீயே பூட்டு.”

பக்கத்துத் தையல்கடைப் பெற்றிசியாவுக்கு நம்பிக்கை இல்லை. “கடையிலை வாங்கினால் இண்டைக்கே அடிக்கலாம். நீங்கள் பூட்டி முடிய அடுத்த வருசத் திருவிழா வந்திடும் அக்கா.”

கருவாடு விற்கக் கொழும்புக்குப் போகும் வஸீரிடம் செலீனாக்கா கணினிப் பாகங்களின் பட்டியலை எழுதிக் கொடுத்தார். புதன்கிழமை காலை ரெயிலில் சாமான்கள் வந்தன.

“கடைக்காரன் சாமானைத் தந்திட்டு மூக்கைப் பொத்தினான் அக்கா,” என்றார் வஸீர்.

துவாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பிவைத்துவிட்டு, பாட்டுகளை வாங்கிவரச் செலீனாக்கா கோவிலுக்குப் போனார். திரும்பிவந்து மத்தியானம் முழுவதும் பூட்டினார். நான் திருகாணிகளை எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் சுவிச்சை அழுத்தினார். விசிறி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. உள்ளே மூன்று தரம் ‘பீப்’ என்றது.

பெற்றிசியா தலையை நீட்டினாள். “மூண்டு மணி அடிச்சிட்டுது. பூசை தொடங்கப்போகுதோ?”

செலீனாக்கா மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தார். ஒவ்வொன்றாகக் கழற்றினார். நினைவகத் துண்டை இழுத்தபோது அதன் அடிக்கரையில் விரல் பட்டு வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“எட்வேட்!”

அவர் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன்.

வலையை விட்டுவிட்டு ஓடிவந்தார் எட்வேட் அண்ணை. “நீ கோவிலுக்குப் போன நேரம் பார்த்தன். அந்தத் துண்டின்ரை கரையெல்லாம் பொன் மாதிரி மினுங்கிச்சுது. எங்கடை உப்புக்காத்து திண்டுபோடுமெல்லோ? எஞ்சின் பிளக்குக்குப் பூசுற கிறீஸிலை கொஞ்சம்...”

“கொஞ்சமோ?”

“நல்லாத்தான் பூசினனான். உன்ரை சாமானெண்டபடியால்.”

செலீனாக்கா திட்டத்தான் வாயைத் திறந்தார். சிரிப்புத்தான் வந்தது. கதிரையில் விழுந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கி ஓடிவந்தேன். பெற்றிசியா தன் மகளின் அழிறப்பரைக் கொண்டுவந்து நீட்டினாள். செலீனாக்கா பொன்னிறக் கரையைத் தேய்க்க, எட்வேட் அண்ணை புதுப் பல்துலக்கி ஒன்றை ஸ்பிரிட்டில் நனைத்துத் துண்டு மாட்டும் தவாளிப்பைத் துலக்கினார், மூச்சுக்கூட விடாமல். காயவைத்து மறுபடி பூட்டினோம்.

ஒரேயொரு ‘பீப்’. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

“வந்திட்டுது! வந்திட்டுது!” என்று எட்வேட் அண்ணை போட்ட சத்தத்தில், மீன் வந்துவிட்டதென்று கரையில் நின்ற நாலுபேர் கூடையோடு ஓடிவந்தார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்கு மாதிரிப் பிரதி சுவாமியின் கையில் இருந்தது. ஒரு பிழை கண்டுபிடித்தார். “இதைத் திருத்திப்போட்டு முந்நூறு அடியுங்கோ.”

கொடியேற்றத்தன்று கோவில் நிறைந்திருந்தது. “மூன்றாம் பக்கம்,” என்றார் சுவாமி. முந்நூறு தாள்கள் ஒன்றாகத் திரும்பின. காற்று ஓலைக்குள் புகுந்த மாதிரி ஒரு சத்தம். எல்லோரும் பாடினார்கள். செலீனாக்கா மட்டும் வாய் திறக்கவில்லை.

பெற்றிசியா முழங்கையால் இடித்தாள். “நீங்கள் அடிச்ச பாட்டுத்தானே, பாடுங்கோவன் அக்கா.”

“சும்மா நில்லடி,” என்றார் செலீனாக்கா. “இப்ப நாலாம் பக்கம் திருப்புவினம். அதைக் கேக்க வேணும்.”