பிரியாணி வண்டி

பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. அங்கே ஆம்புலன்ஸுக்குப் பெயர் பிரியாணி வண்டி. வெள்ளிக்கிழமைதோறும் மேனேஜர் பக்தவத்சலம் எல்லோருக்கும் தேக்சா என்னும் பெரிய பாத்திரத்தில் பிரியாணி வாங்கி வர அதைத்தான் அனுப்புவார். சைரன் போட்டால் டிராபிக் வழிவிடும், பிரியாணி ஆறாது. என்ன மூளை பாருங்கள்! சைரன் கேட்டதும் ஷிப்ட் ஆட்கள் தட்டோடு கேட்டுக்கு ஓடுவார்கள்.

முதலுதவி அறை நர்ஸ் சாராவுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும். மென்று விழுங்கிப் பேசத் தெரியாது.

"ஆள் ஏத்துற வண்டி சார். அதுல தேக்சா நக்கோ, வேணாம்."

"சும்மா நிக்கிற வண்டிதானே சிஸ்டர்?" என்று சிரித்தார் மேனேஜர்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, குழாய் இணைப்பு விட்டுப்போய் ஏனோக் என்ற தொழிலாளியின் முகத்தில் அமிலம் தெறித்தது. சாரா தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கண்களைக் கழுவி, அவனை வண்டியில் ஏற்றினாள். சைரன் அலறியது. கேட்டை அடைத்துக்கொண்டு தட்டுகளோடு கூட்டம்.

"இன்னைக்கு சீக்கிரமா வந்துடுச்சா, சிஸ்டர்?"

"கைக்கு, எதுக்கு நிக்குறீங்க? உள்ள ஏனோக் துடிக்கிறான், நகருங்க!" சாரா இறங்கி, ஆட்களைப் பிடித்துத் தள்ளித்தான் வழி உண்டாக்கினாள். ஏனோக்கின் இடது கண் போய்விட்டது. தாமதம்தான் காரணமா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாராவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்டிச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பக்தவத்சலமே வந்து நின்றார்.

"வேலை வேண்டாமா சிஸ்டர்?"

"வேணும் சார். இதுதான் என் வேலை."

அவர் கத்திப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். அவள் அசையவில்லை. அன்று பிரியாணி ஷேர் ஆட்டோவில் ஆறிப்போய் வந்தது. தொழிலாளர்கள் முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதன்பின் ஒரு தேக்சாவும் அந்த வண்டியில் ஏறவில்லை.

பெயரை மட்டும் அவளால் அழிக்க முடியவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஏனோக்குக்கு இப்போது கேட்டில் காவல் வேலை. போன மாதம் சைரன் கேட்டு, புதிதாகச் சேர்ந்த ஒருவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"இதுதான் பிரியாணி வண்டியா அண்ணே?"

ஏனோக் கேட்டை அகலத் திறந்துவிட்டான்.

"ஹவ், அதேதான். என் கண்ணைத் தின்னுட்ட பிரியாணி. சுவரோரமா நில்லு."