திம்பம் ஏறும் முன் திணறிய லாரி

இதை எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்து, பேனாவை எடுத்து எடுத்துக் கீழே வைத்திருக்கிறேன். படிப்பு குறைவு என்பது ஒரு காரணம். சாமி காரியத்தைக் குறை சொல்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம்தான் பெரிய காரணம்.

அன்று ஆயுத பூஜை. எங்கள் வீடு கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில். லாரியை நானும் தம்பியும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். காலையில் அதைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜையை முடித்தோம். மத்தியானம் தம்பி வாழைத்தார் ஏற்றிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று வீட்டுக்கு வந்தான். திம்பம் மலை ஏறி மைசூர்ப் பக்கம் போக வேண்டிய லோடு. பொழுது சாய்வதற்குள் செக்போஸ்ட்டைத் தாண்டினால்தான் லாரியை மேலே விடுவார்கள். வாசலுக்கு வரும்போதே இன்ஜின் விட்டு விட்டு அடித்தது. வண்டி முழுக்க நடுங்கி, தானாக நின்றுபோனது.

"டீசல்ல ஏதோ தூசிங்ணா. போற வழியில செரியாப் போயிரும்" என்றான் தம்பி.

"கொண்டை ஊசி வளைவுல நின்னுபோச்சுன்னா? பின்னால பஸ்ஸு வந்துட்டிருந்தா?"

"நீங்க ஊட்டுல உக்காந்துட்டே மலையேறிப் பயப்படறீங்க."

அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஒர்க்‌ஷாப் எல்லாம் பூட்டிக் கிடந்தன. நாமே பார்க்கலாம் என்றால் ஸ்பேனர்கள் பூஜையில் இருந்தன. எங்கள் பக்கம் பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை செய்துதான் எடுப்போம்.

"ஏனுங்க, சாமிகிட்ட வெச்சதுங்க" என்று என் வீட்டுக்காரி குறுக்கே நின்றாள்.

எனக்கும் கை வரவில்லை. வெளியே தம்பி, "சாவியக் குடுங்கண்ணா, நேரமாவுது!" என்று கத்தினான். கற்பூரம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உசுரு விசயம், பொறுத்துக்க ஆத்தா" என்று ஸ்பேனர்களை எடுத்தேன்.

வண்டியில் கிடந்த புது டீசல் ஃபில்டரை மாற்றி, கைப்பம்பை அடித்துக் டீசல் குழாயில் சிக்கியிருந்த காற்றை வெளியேற்றினேன். சாவியைப் போட்டுத் திருகியதும் இன்ஜின் சுத்தமாக ஓடியது.

"அண்ணி, சோத்தக் கட்டுங்க" என்றான் தம்பி. கொஞ்ச நேரத்தில் அதே நடுக்கம், மறுபடியும் நின்றது.

குழாயில் எங்கேயோ காற்று புகுகிறதோ என்று ஒவ்வொரு நட்டாக இறுக்கினேன். ஓடியது, நின்றது. வாழைத்தார்க்காரர் போன் மேல் போன் போட்டார். தம்பி என் முகத்தைப் பார்க்காமல், "இன்னொருக்கா ஸ்டார்ட்டாச்சுன்னா நிக்க மாட்டேன், போயிருவேன்" என்றான். சொன்னால் செய்கிறவன். சாவியை உருவி மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதோ என்று பார்க்க மூடியைத் திருகினேன். வெகுநேரம் மூச்சை அடக்கியிருந்த ஆள் இழுத்த மாதிரி, 'உஸ்'ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டே, தம்பியிடம் சாவியைக் கொடுத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். இன்ஜின் நிற்கவே இல்லை. மூடியைப் போட்டேன், கொஞ்ச நேரத்தில் திணறியது.

டீசல் குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே போவதற்கு அந்த மூடியில் பொடியாக ஒரு துளை உண்டு. அதன் மேல் காலையில் வைத்த சந்தனமும் குங்குமமும் வெயிலில் காய்ந்து இறுகியிருந்தன. காற்று உள்ளே போகாததால் டீசல் இன்ஜினுக்கு வரவில்லை.

"சாமியே மூச்சடைச்சுப்போட்டாருங்ணா!" என்று தம்பி சிரித்தான்.

வீட்டுக்காரி சிரிக்கவில்லை. ஹெட்லைட்டில் தொடங்கி மூடி வரைக்கும் பொட்டு வைத்தது அவள்தான். "நானே தம்பிய மலையில நிறுத்திப்போட்டிருப்பனேங்க" என்று அழுதாள்.

"அவன் நல்லா இருக்கோணும்னுதான அம்மணி வெச்சே. ஊக்கு இருந்தாக் குடு."

தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். துளையைக் குத்தி, டீசலில் கழுவி, வாயால் ஊதிப் பார்த்து மூடினேன். வீட்டு வாசலிலேயே இன்ஜினை உறுமவிட்டுக் காத்திருந்தோம். தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். நான் சாவியைப் பார்த்தேன். ஒரு விக்கல்கூட இல்லை என்று மனசு ஒப்பிய பிறகுதான் அவனை விட்டேன்.

"ஏறிட்டனுங்ணா" என்று அவன் மேலே இருந்து போன் செய்யும்வரை என் வீட்டுக்காரி சாமி படத்துக்கு முன்னால் இருந்து எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு ஊட்டுலயும் இப்படி வெச்சிருப்பாங்க, எழுதுங்க" என்று இப்போது அவளே சொன்னதால்தான் எழுதினேன். லாரி வைத்திருக்கிற உங்கள் சொந்தபந்தங்களுக்கு இதைச் சொல்லுங்கள். பூஜையால் வண்டி கெட்டது என்றோ, சாமியே இறங்கி வந்து சரிசெய்தது என்றோ ஆக்கிவிடாதீர்கள். நடந்தது நடந்தபடியே போய்ச் சேரட்டும்.