கார் ஷெட்டில் மாட்டிய பாறை ஓட்டை

தெருவில் அவளைப் பல்செட் என்றுதான் சொல்வார்கள். வாயில் இருப்பதெல்லாம் சொந்தப் பல்தான். பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை என்பதால் வந்த பெயர். தெருவில் பாதிப் பேர் அவள் செய்த பல்லை மாட்டிக்கொண்டுதான் அவளைப் பற்றியே புரணி பேசுகிறார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பேசும்போது பல் ஆடாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வாள்.

கோடை தொடங்கிய வாரம் அவர்கள் வீட்டுக் கார் செத்துப்போனது. மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்தார், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி மெதுவாக மூடினார், போய்விட்டார். புருஷன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அன்று சாயங்காலமே புதுக் கார் படங்களைச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பினார். அவள் கண்ணோ காலியாகப்போகும் ஷெட்டின் மேல். ஜன்னல் உண்டு, குழாய் உண்டு, கரண்ட் உண்டு. பல்செட்டைத் தேய்க்கும் ஒரு அரவை மெஷினைப் போட்டால் போதும், முதலாளி முகத்தில் விழிக்காமல் சொந்தமாகத் தொழில் நடத்தலாம்.

"கார் வேண்டாங்க. ஷெட்ட எனக்குக் குடுத்துடுங்க."

"கார் இல்லாம ஞாயித்துக்கிழமை பாறைக்கு எப்படிப் போவ? பறந்தா?"

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவளும் நாத்தனாரும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு பாறை ஏறக் கிளம்பிவிடுவார்கள். ஐந்து வருஷப் பைத்தியம்.

"சைக்கிள்ல போவேன்."

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடைசியில் நாத்தனாரே பஞ்சாயத்து பண்ணினாள். கோடை முடிவதற்குள் எட்டுப் பாறை. எட்டுக்கும் சைக்கிளில் போய், சைக்கிளிலேயே திரும்ப வேண்டும். எட்டிலும் முன்பக்கமாக ஏறியே உச்சியைத் தொட வேண்டும். ஒரு பாறை விட்டுப்போனாலும், அண்ணி ஒரே ஒரு தடவை காரில் உட்கார்ந்தாலும் அண்ணனுக்குப் புதுக் கார். இல்லாவிட்டால் அண்ணிக்கு ஷெட்.

நாத்தனார் டவுன் பஸ் ஓட்டுபவள். சைக்கிளிலும் பஸ் ஸ்டாப்பைக் கண்டால் அவள் கை தானாகப் பிரேக்கைப் பிடிக்கும். பின்னால் வரும் அண்ணி ஒவ்வொரு ஸ்டாப்பிலும் முட்டாமல் தப்பிப்பதே பெரும்பாடு. கயிறு அண்ணியின் கேரியரில், இரும்புக் கொக்கிகள் நாத்தனாரின் கூடையில். மேடு பள்ளத்தில் கொக்கிகள் கிணுகிணுவென்று ஆட, ஐஸ் வண்டி என்று நினைத்து இரண்டு வீட்டில் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

முதல் ஞாயிறே வம்பை விலைக்கு வாங்கினார்கள். முப்பத்தெட்டு கிலோமீட்டர் மிதித்து, எட்டிலும் கஷ்டமான மொட்டைப் பாறைக்குப் போனார்கள். உச்சிக்குக் கீழே, பிடிப்பதற்கு ஒரே ஒரு ஓட்டை. வலது கையின் மூன்று விரலும் அதில் நுழையாமல் வழுக்கின. அவள் ஏழு தடவை விழுந்து, ஏழு தடவையும் கயிற்றில் ஊஞ்சலாடினாள். எட்டாவது தடவை பையிலிருந்து பல் அச்சு எடுக்கும் மாவைக் குழைத்துக்கொண்டு போய் ஓட்டைக்குள் அப்பி அச்செடுத்தாள்.

"பாறைக்கே பல்செட் கட்டப் போறியா அண்ணி?"

"வாய மூடிக்கிட்டு கயித்தப் பிடி."

அடுத்த நாளே அந்த ஓட்டை ஈறு நிறப் பிளாஸ்டிக்கில் அப்படியே வார்த்து, கார் ஷெட்டின் உத்தரத்தில் ஏறிவிட்டது. தினமும் காலையில் பல் விளக்கியதும் வலது கையால் அதில் தொங்குவாள். விழாமல் கீழே கயிறு பிடிப்பது புருஷன். முதல் மாதம் ஐந்து எண்ணும்வரை, இரண்டாம் மாதம் இருபது. மற்ற ஏழு பாறையும் ஞாயிறுக்கு ஒன்றாகக் கழிந்தன. ஒரு நாள் மழை, ஒரு நாள் பஞ்சர், ஒரு நாள் நாய் துரத்தியதில் இருவரும் வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள். புருஷன் கார் படங்களை மேசையிலிருந்து அலமாரிக்கு மாற்றினார். தூக்கி மட்டும் போடவில்லை.

கோடையின் கடைசி ஞாயிறு. மொட்டைப் பாறை மட்டும் பாக்கி. முந்தின நாள் நாத்தனார் வந்து தலையைச் சொறிந்தாள்.

"நாளைக்கு எனக்கு டூட்டி போட்டுட்டாங்க அண்ணி. கயிறு பிடிக்க அண்ணனக் கூட்டிட்டுப் போ. ஷெட்ல நீ தொங்குறப்ப ரெண்டு மாசமா அவருதானே பிடிச்சாரு."

"அவரா? கார் வேணும்னு நிக்கிற மனுஷனா?"

அவர் நினைத்திருந்தால் முட்டிவலி என்று படுத்திருக்கலாம். படுக்கவில்லை. தங்கச்சியின் கூடை சைக்கிளில் ஏறி, வழியெல்லாம் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று பதினொரு தடவை கேட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார். அவள் பின்பக்கப் பாதையில் நடந்து போய் மேலே இருந்த வளையத்தில் கயிற்றை மாட்டிவிட்டு இறங்கினாள். அவர் கயிற்றைத் தன் இடுப்புப் பட்டையில் சரியாகக் கோத்தார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அதில் குறை சொல்ல முடியாது.

ஓட்டை வரை ஏணியில் ஏறுவது போல ஏறினாள். வலது கையைப் போட்டாள். வழுக்கி விழுந்தாள். மறுபடி போட்டாள். மறுபடி ஊஞ்சல். இப்படி ஆறு தடவை. இரண்டு மாதம் தொங்கிப் பழகிய ஓட்டை, முன்பின் தெரியாதது போல விரலைத் துப்பியது.

"மழையில கரைஞ்சிருச்சா இந்தப் பாறை?" என்று கத்தினாள்.

கீழேயிருந்து பதில் வரவில்லை. அவருக்குப் பேசாமல் இருக்க வராது. தூக்கத்திலேகூட யாருக்காவது கண்ணாடி விற்றுக்கொண்டிருப்பார். எட்டிப் பார்த்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு வருகிறவர்கள் முகத்தில் கண்ணாடி கோணலாக உட்கார்ந்தால் அப்படித்தான் பார்ப்பார்.

"என்னங்க? ஏதோ சொல்ல வந்து முழுங்குறீங்க."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா இவ்வளவு நேரம் ஒண்ணுமில்லாம இருக்க மாட்டீங்களே."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். ஒரு புதுக் கார் அந்த மூச்சோடு போனது.

"நீ ஷெட்ல தலைகீழா மாட்டியிருக்கம்மா. அங்க ஆழமான பக்கம் இடது கைப் பக்கமா இருக்கும். இங்க பாரு, வலது கைப் பக்கமா இருக்கு. இடது கை விரல்தான் அந்தப் பக்கம் வளைஞ்சு நுழையும்."

அவள் கயிற்றில் தொங்கியபடியே வாயைப் பிளந்தாள். இருபது வருஷத் தொழிலில் மேல்தாடை கீழ்தாடை மாறியதே இல்லை. பல்லைப் பார்த்தாலே எது மேல் என்று தெரிந்துவிடும். ஓட்டைக்கு ஏது பல்? அம்புக்குறி போட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"இத எப்பங்க கண்டுபிடிச்சீங்க?"

"நீ ரெண்டாவது தடவ விழுந்தப்பவே."

"இவ்வளவு நேரம் சும்மா இருந்தீங்களே!"

"சொன்னா கார் போயிடுமே! மனசு கேக்க வேண்டாமா? இடது கையப் போடு, போ."

இடது கையைப் போட்டாள். ஆழத்தில் மூன்று விரலும் சொந்த வீட்டுக்குப் போவது போலப் போய் உட்கார்ந்தன. வலது கைதான் பழகியது, உண்மை. ஆனால் சுழலும் அரவைக் கல்லுக்கு எதிரே வருஷக்கணக்கில் பல்செட்டை நழுவவிடாமல் இறுக்கிப் பிடித்திருப்பது இடது கை. காலை உயர்த்தி ஒரு எம்பு. உச்சியில் உள்ளங்கை அறைந்த சத்தம் கீழே வரை கேட்டது.

திரும்பும் வழியில் முதல் மேட்டிலேயே அவர் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். பின்னாலிருந்து ஒரு கார் வந்து நின்றது. கடைக்குப் பக்கத்து மருந்துக் கடைக்காரர்.

"ரெண்டு பேரும் ஏறிக்கங்க. சைக்கிளையெல்லாம் மேல கட்டிடலாம்."

புருஷன் அவளைப் பார்த்தார். அவள் பாட்டில் தண்ணீரைக் குடித்தாள்.

"நான் உட்காரக் கூடாதுங்க. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் கணக்கு."

"எனக்கு அப்படி எதுவும் சொல்லலையே?" என்றார் அவர். கூடை சைக்கிள் கார் மேலே ஏறியது. அவர் முன் சீட்டில் ஏறி, சீட்டைத் தடவிப் பார்த்து, கையை ஆட்டிக்கொண்டே போயேவிட்டார்.

அவள் தனியாக மிதித்தாள். பாட்டு வேறு. வெயில் சாய்வதற்குள் தெரு வந்தது. வீட்டு வாசலில் செத்த கார் நின்றது. பக்கத்து வீட்டு ஆள்களைக் கூட்டிப் புருஷன் அதை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளியிருந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு கையில் துடைப்பம், முகமெல்லாம் ஒட்டடை.

"என்னங்க இது, இன்னிக்கேவா?"

"நாளைக்குன்னா எனக்கு மனசு மாறிடும்" என்றார். "அந்த மெஷின ஜன்னல் பக்கம் போடுறியா, சுவர் பக்கமா? சீக்கிரம் சொல்லு."