காருக்குள் அடைபட்ட காற்று

என் மனைவி என்னுடன் காரில் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஏறி அமர்ந்தவுடன் அவளுக்கு இருமல் தொடங்கிவிடும். தில்லியின் குளிர்காலப் புகையே காரணம் என்று நானாக முடிவு கட்டி, "கண்ணாடிய ஏத்து" என்று கடிந்துகொள்வேன்.

காரின் ஏசியில் காற்றை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று உண்டென்று பக்கத்து வீட்டுக்காரர் கூறித்தான் அறிந்தேன். அதை நானே மாற்றத் துணிந்தேன். வழிகாட்டியது கைபேசியில் ஓடிய ஓர் இந்தி வீடியோ. என் இந்தி அலுவலகத்தோடு நின்றுவிட்டது. அவளுடையதோ காய்கறிச் சந்தையில் தேறியது. ஆகவே அவள் கார்க் கதவருகே நாற்காலியில் அமர்ந்து மொழிபெயர்த்தாள்.

"டேஷ்போர்டு டப்பாவ ரெண்டு பக்கமும் அமுக்கி இழுக்கணுமாம். ஜல்தி பண்ணுங்க."

"உடைஞ்சிடும்மா."

"உடைஞ்சா என்ன? நானா இதுல ஏறப் போறேன்?"

டப்பா கழன்றது. அதன் பின்னாலிருந்து நான் உருவிய ஃபில்டர் கரியாக இருந்தது. மடிப்புகளில் தூசியும் வேப்பஞ்சருகும் அடைந்திருந்தன. அவள் வீடியோவை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள்.

"இதத்தான் நான் உள்ள இழுத்துக்கிட்டு இருந்தேனா?"

புகையிலிருந்து காப்பதாக எண்ணி, கண்ணாடிகளை ஏற்றி, அவளை அந்தக் காற்றோடு அடைத்து வைத்தவன் நானே.

"தப்பு என்னுதுதான்" என்றேன்.

அவள் புதிய ஃபில்டரை உறையிலிருந்து எடுத்து நீட்டினாள். "அம்புக்குறி கீழ பார்க்கணுமாம்" என்றாள்.

பொருத்தி முடித்து ஏசியை இயக்கினேன். அவள் முன்னிருக்கையில் அமர்ந்து, கதவைச் சாத்தி, நிதானமாக மூச்சிழுத்துப் பார்த்தாள்.

"கோயில் நடை சாத்தியிருக்க மாட்டாங்க, கிளம்புங்க."

இப்போதும் சில நாள்களில் அவள் இருமுவதுண்டு. நான் காரணம் கூறுவதில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ன செய்கிறது என்று அவளிடமே கேட்கிறேன்.