புருல்கான் அக்கா நிரப்பிய கிண்ணம்

காராசூ சந்தையில் புருல்கான் அக்காவைப் பற்றி ஒரு பேச்சு உலாவுகிறது. ஐம்பது தாண்டிய விதவைக்குத் திடீரென்று கல்யாண ஆசை வந்துவிட்டதாம். லக்மான் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் எர்மெக்கிடம் போய் உட்கார்ந்து, ஏழு தலைமுறைப் பாட்டன்மாரின் பெயரைக் கேட்டாளாம். அவன் முடியாது என்றதும் கொதிக்கக் கொதிக்கத் தேநீரை அவன் மடியில் ஊற்றிவிட்டு, போதாததற்குப் போலீசையும் கூப்பிட்டாளாம். எதிர்க் கன்டெய்னர் கடையில் காலுறை விற்கும் துர்சுனாய் இதை ஜன்னல் கண்ணாடி வழியே தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். துர்சுனாயின் கண் பார்ப்பதில் பாதியை அவள் வாய்தான் தைத்துக் கொடுக்கிறது என்பது சந்தைக்கே தெரியும். இருந்தும் எல்லோரும் நம்பினார்கள். நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அக்காவுக்கு வேலை மாவட்டக் குழந்தைகள் நல அலுவலகத்தில். அங்கே அவளுக்கு ஒரு நாற்காலி உண்டு. அதில் பூனைதான் உட்காருகிறது. அக்கா சந்தையில்தான் இருப்பாள். ஒரு காலத்தில் வெங்காயம் சுமந்த பை தோளில் தொங்கும். உள்ளே உலர்தயிர் உருண்டைகள், பேன் சீப்பு, சின்னக் காலுறைகள். அலுவலக அட்டை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும். "அட்டையக் காட்டினா பெரியவன் ஓடுவான். உருண்டையக் காட்டினா சின்னது வரும். எனக்கு ரெண்டு பேரும் வேணும்ல?" என்பாள்.

பள்ளிக்கூட நேரத்தில் தள்ளுவண்டி தள்ளும் பிள்ளை, வெந்நீரில் வெடித்த விரல், காலுக்குப் பெரிய செருப்பு, இவையெல்லாம் அவள் கண்ணில் படும். எல்லாவற்றையும்விட முக்கியம், பெயர் கேட்டால் பிள்ளை எங்கே பார்க்கிறது என்பது. "பேரக் கேட்டா பேரச் சொல்லணும். பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சியப் பாத்துட்டுச் சொன்னா, அது அவன் வச்ச பேரு."

பிள்ளை வயிறு நிறையும்வரை வேறு எதுவும் கேட்க மாட்டாள். கேட்கும்போது 'மாமன்', 'சித்தப்பன்' யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. "பசிச்ச புள்ள ரொட்டி போடறவன் சொன்னதத்தான் சொல்லும். முதல்ல நாம ரொட்டி போட்டுக்கணும்."

அதற்குப் பிறகுதான் ஏழு பாட்டன். எங்கள் பக்கம் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் அப்பன் தொடங்கி ஏழு பெயர் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஏழுக்குள் ஒரு பெயர் ஒத்துப்போனாலும் பங்காளி. பெண் கொடுக்கவோ எடுக்கவோ கூடாது. அதனால் கல்யாணத் தரகர்கள்தான் வாயைத் திறந்ததும் இதைக் கேட்பார்கள். அக்காவும் கேட்டால் சந்தை என்ன நினைக்கும்? போன வசந்தத்தில் நிஜமான தாய்மாமன் ஒருவரைப் பிடித்துக் குடைந்துவிட்டாள். அவர் பயத்தில் நாலாவது பாட்டனை மறந்து அழுதேவிட்டார். இன்றைக்கும் அக்காவைக் கண்டால் தர்பூசணிக் குவியலுக்குப் பின்னால் போய்விடுகிறார்.

எர்மெக்கின் கடையில் பாத்திரம் கழுவ ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். ஜிபார் என்று வைத்துக்கொள்வோம். அது அவள் பெயர் இல்லை. பத்து வயது இருக்கும். விடியும் முன்பே தொட்டியில் கை வைப்பாள், கடை மூடியதும் மாவு மூட்டைகளுக்கு நடுவில் படுப்பாள். "என் அக்கா மக. நகரத்துல படிக்கட்டும்னு அனுப்பியிருக்கா" என்றான் எர்மெக். எந்தப் பள்ளிக்கூடம் என்று யாரும் கேட்கவில்லை. லக்மான் நன்றாக இருந்தது.

ஒரு நாள் எர்மெக் மாவு வாங்கப் போன நேரம் பார்த்து அக்கா பின்வாசலில் போய் உட்கார்ந்தாள். சிறுமி இரண்டு சம்சா தின்றாள். மூன்றாவதைப் பாவாடைக்குள் ஒளித்தாள். அக்கா பார்க்காதவள் போலப் பேன் சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் ஏழு பேர் யாரு, கண்ணு?"

சிறுமி மூச்சு விடாமல் ஒப்பித்தாள்: சாபிர், ஒஸ்மோன், போரோன், தைலாக், சாரிபாய், அக்மத், கெல்திபெக். ஒரு திக்கல் இல்லை. இந்த வயதில் எந்தப் பிள்ளையும் அஞ்சாவதில் தலையைச் சொறியும். சொறியாததுதான் அக்காவுக்கு உறுத்தியது. எழுந்து போய்ப் போலீஸ்காரர் சுயுனுக்குத் தகவல் சொன்னாள். "இந்தத் தட்ட முடிச்சுட்டு வரேன்க்கா" என்றார் அவர். சுயுனின் தட்டு எப்போது முடியும் என்பது கடவுளுக்கே தெரியாது.

எர்மெக் திரும்பி வந்தான். சுயுன் வரும்வரை அவனை உட்கார வைக்க வேண்டும். எழுந்தால் அன்றைக்கே சிறுமியை வேறு ஊருக்குக் கடத்திவிடுவான். அக்கா தேநீர்க் கெண்டியைக் கையில் எடுத்தாள். எங்கள் பக்கம் விருந்தாளிக்கு அரைக் கிண்ணம் ஊற்றினால் 'இரு, பேசலாம்' என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு'. அக்கா அரை அரையாக ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"தம்பி, உங்க ஏழு பேரச் சொல்லுங்களேன்."

எர்மெக் சிரித்தான். அவனுக்கு அக்காவின் வழக்கம் காதில் விழுந்திருந்தது. அதற்காகத்தானே சிறுமியைப் பெல்ட்டைக் காட்டி ஒரு வாரம் ஒப்பிக்க வைத்தான். அவளுக்காக முதல் இரண்டு பெயரைக் கஷ்டப்பட்டுக் கற்பனை செய்தான். அதற்கு மேல் கற்பனை ஓடாமல் சொந்தப் பாட்டன்மாரையே இறக்கிவிட்டான்.

"கல்மத், போரோன், தைலாக், சாரிபாய், அக்மத்..." என்று விரல் மடக்கினான்.

"அட. புள்ள சொன்னதுலயும் போரோன் வந்தாரே. உங்க அக்கா புருஷனுக்கும் போரோன்தான் தாத்தாவா?"

"ஆ... ஆமா."

"அப்போ உங்க அக்கா பெரியப்பன் மகனையே கட்டிக்கிட்டாங்களா?"

பக்கத்து மேசை லாரிக்காரர் நூடுல்ஸை வாயில் தொங்கவிட்டபடி திரும்பினார்.

"குரல இறக்குங்கக்கா."

"கெல்திபெக் வம்சத்துல இப்படி ஒரு கதையா? பாவம், பெரியவங்க யாரும் தடுக்கலையா?"

எர்மெக்கின் கழுத்து சிவந்தது. ஜெயிலைப் பற்றி அவன் அப்போது நினைக்கவில்லை. பாட்டன்மாரைப் பற்றித்தான் நினைத்தான். எழுந்து நின்று மேசையில் அறைந்தான். "எங்க வம்சத்துல அப்படி அசிங்கம் கெடையாது. அந்தப் பொண்ணு எங்க ரத்தமே இல்ல. அலாய் மலைப் பக்கத்துலேர்ந்து பிடிச்சுட்டு வந்தது."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது. மெல்ல உட்கார்ந்தான். அப்போது சுயுன் வாயைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அக்கா கெண்டியைச் சாய்த்து, கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி, இரண்டு கையாலும் மரியாதையாக அவனிடம் நீட்டினாள்.

சிறுமி இப்போது காப்பகத்தில் இருக்கிறாள். மூன்று வாரம் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு காலையில், தலை வாரும்போது, அவளாகவே தன் சொந்த ஏழு பேரைச் சொன்னாள்; அஞ்சாவதில் தலையைச் சொறிந்தாள். அக்காவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்தப் பெயர்களைக் கொண்டே அலாயில் ஊரைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அனுப்பவில்லை. வேலைக்கு ரஷ்யா போன அம்மா பிள்ளையை ஒரு அத்தையிடம் விட்டிருந்தாள். எர்மெக்கோடு அனுப்பிவைத்ததே அந்த அத்தைதான். அம்மா மாஸ்கோவிலிருந்து வரும்வரை காப்பகம்தான். "வந்தப்புறமும் மாசா மாசம் நான் போய், புள்ள வீட்டுலதான் தூங்குதான்னு படுக்கையத் தொட்டுப் பாப்பேன்" என்கிறாள் அக்கா.

பிள்ளையின் கதை சந்தையில் நாற வேண்டாம் என்று அக்கா வாயைத் திறக்கவில்லை, லாரிக்காரரின் வாயையும் அடைத்தாள். அதனால்தான் கல்யாணக் கதை கொழுத்தது. போன வாரம் காப்பகத்துக்குக் காலுறை வாங்கப் போனாள். துர்சுனாய் தேநீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்க்கா, வேற மாப்பிள்ள எதுவும் அமஞ்சுதா?"

"தேடிட்டுத்தான் இருக்கேன்."

"அடுத்தவனையாவது வேகவைக்காம விடுங்க. பாவம், மடி நிறைய ஊத்திட்டீங்களே."

புருல்கான் அக்கா காலுறையை இழுத்துப் பார்த்துப் பையில் போட்டாள். துர்சுனாயின் கெண்டியை அவளே எடுத்தாள். துர்சுனாயின் கிண்ணத்தை, துர்சுனாயின் கடையிலேயே, விளிம்பு ததும்ப நிரப்பினாள்.

"கல்யாணம்னு என்ன வேணா சொல்லிக்கோ. ஆனா ஊத்தினேன்னு சொல்லாத. நான் நிரப்பத்தான் செஞ்சேன். மடியில ஊத்திக்கிட்டது அவன்."